கடிதம் சென்னையில்... கார் காரைக்குடியில்!

*ஸ்டீயரிங்கில் கோளாறு என்று தயாரித்த நிறுவனமே திரும்ப அழைத்த வண்டி, அந்தச் சேதியே தெரியாத ஒருவர் கையில் ஓடினால் என்ன ஆகும்? செட்டிநாட்டிலிருந்து ஓர் அலசல்.*

கானாடுகாத்தானில் முகூர்த்த நாள். விடிவதற்குள் தெரு நிறைந்துவிடுகிறது. ஒரு தெருவில் தலைவாசலும் அடுத்த தெருவில் பின்வாசலுமாக நீளும் வீடுகள். அகலமான தெருதான், ஆனால் இரண்டு பக்கமும் வண்டிகள் நிற்பதால், நடுவில் மிஞ்சியிருப்பது ஒரு வண்டி போகிற இடம். இன்னோவா, எர்டிகா, ஈக்கோ வேன், மறுபடி இன்னோவா. சென்னையிலிருந்து இரவு ரயிலில் வந்த உறவினர்களை இறக்கிவிட்ட வண்டி, உடனே மதுரை விமான நிலையத்துக்குக் கிளம்ப வேண்டும். சிங்கப்பூர் சித்தப்பா குடும்பம் வந்து இறங்குகிறது.

டிரைவர் ஜன்னலுக்கு வெளியே தலையை நீட்டிப் பின்னால் பார்க்கிறார். வலது உள்ளங்கை மட்டும் ஸ்டீயரிங்கில். ஒரு முழுச் சுற்று, பிறகு எதிர்ப்பக்கம் ஒரு சுற்று. ஆட்களோடு சேர்த்தால் இரண்டு டன்னைத் தாண்டும் வண்டி, மேளக்காரர்களுக்கும் வாழைமரத்துக்கும் நடுவே சத்தமில்லாமல் திரும்பிக்கொள்கிறது.

நெடுஞ்சாலை ஏறிய பிறகு, மீட்டர் போர்டில் சின்னதாக ஒரு விளக்கு எரிகிறது என்று வையுங்கள். ஸ்டீயரிங் படம், பக்கத்தில் ஓர் ஆச்சரியக்குறி. பெரும்பாலான டிரைவர்கள் செய்வது ஒன்றுதான். வண்டியை ஓரம் கட்டி, ஆஃப் செய்து, மறுபடி ஸ்டார்ட் செய்வார்கள். விளக்கு அணைந்துவிடும். பயணம் தொடரும். இரண்டாவது முறையும் எரிந்தால் தெரிந்த பட்டறைக்குப் போவார்கள். அங்கே ஸ்கேனரை மாட்டி எரரை அழித்துக் கொடுப்பார்கள். திருமணம் நடக்கும், பந்தி நடக்கும், வண்டி அடுத்த சவாரிக்குப் போகும்.

அந்த விளக்குக்குக் காரணம் வெறும் பேட்டரி பலவீனமாகவும் இருக்கலாம். அல்லது, தயாரித்த நிறுவனமே ஒப்புக்கொண்டு இலவசமாக மாற்றித் தருகிறோம் என்று எப்போதோ அறிவித்துவிட்ட பாகமாகவும் இருக்கலாம். எது என்று டிரைவருக்கும் தெரியாது, பின் சீட்டில் குழந்தையை மடியில் வைத்திருக்கும் ஆச்சிக்கும் தெரியாது. இந்தத் தெரியாமைதான் இந்தக் கட்டுரையின் விஷயம்.

உள்ளங்கைக்குப் பின்னால் ஒரு மோட்டார்

அம்பாசிடர் ஓட்டியவர்களுக்கு நினைவிருக்கும். நின்ற இடத்தில் ஸ்டீயரிங்கை ஒடித்தால் தோள்பட்டை பேசும். அந்தப் பாரத்தைக் குறைக்க முதலில் வந்தது ஹைட்ராலிக் பவர் ஸ்டீயரிங். இன்ஜின் பெல்ட்டில் சுற்றும் பம்ப் ஒன்று, ஆயிலை அழுத்தத்தோடு ஹோஸ் வழியே அனுப்பி, சக்கரத்தைத் திருப்ப உதவும். ஹோஸ் கசிந்தால் ஸ்டீயரிங் இறுகும். கசிந்த ஆயில் சூடான சைலன்சர் குழாயில் விழுந்தால் தீப்பிடிக்கவும் செய்யும்.

இப்போதைய சிறிய கார்களில் பெரும்பாலும் இருப்பது மின்சார பவர் ஸ்டீயரிங். மெக்கானிக்குகள் வாயில் 'இ.பி.எஸ்.' நாம் எவ்வளவு பலத்தோடு திருப்புகிறோம் என்பதை டார்க் சென்சார் அளக்கும். ஒரு கன்ட்ரோல் யூனிட் கணக்குப் போடும். மோட்டார் மீதி பலத்தைக் கொடுக்கும். இந்த மூன்றில் எது பழுதானாலும் உதவி நின்றுவிடும். ஸ்டீயரிங்குக்கும் சக்கரத்துக்கும் உள்ள இரும்பு இணைப்பு அப்படியே இருப்பதால் வண்டியைத் திருப்ப முடியும். ஆனால் ஒரு விரலால் திருப்பிப் பழகிய கைக்கு, திடீரென்று இரண்டு கையும் போதாமல் போகும். 2010-ல் அமெரிக்காவில் ஜெனரல் மோட்டார்ஸ் நிறுவனம் இந்தக் கோளாறுக்காக 13 லட்சம் கார்களைத் திரும்ப அழைத்தபோது சொன்னது, மணிக்கு 24 கி.மீ.க்குக் கீழே போகும்போதுதான் ஸ்டீயரிங் அதிகம் கனக்கும் என்பது. நம் ஊரில் வளைவும் சந்தியும் யு-டர்னும் பள்ளிக்கூட வாசலும் அந்த வேகத்தில் கடக்கிற இடங்கள்தானே!

இறுகிப்போவது ஒரு வகை ஆபத்து. கழன்றுபோவது அதைவிட மோசம். சக்கரத்தைத் தள்ளியும் இழுத்தும் திருப்புகிற 'டை ராட்' உடைந்தால், நீங்கள் ஸ்டீயரிங்கை எந்தப் பக்கம் ஒடித்தாலும் அந்தச் சக்கரம் தன் போக்கில் போகும். பவர் இருந்தாலும் இல்லாவிட்டாலும் ஒன்றுதான். ஈக்கோ வேன்களை மாருதி திரும்ப அழைத்தது இந்த டை ராடுக்காக.

---

பெட்டிச் செய்தி: திரும்ப வரச் சொன்ன வண்டிகள்

2013 செப்டம்பர்: ஃபோர்டு இந்தியா 1,66,021 ஃபிகோ, ஃபியஸ்டா கிளாசிக் கார்களை அழைத்தது. பின்பக்க ட்விஸ்ட் பீம், பவர் ஸ்டீயரிங் ஹோஸ் ஆகியவற்றைச் சோதிக்க. இவை செங்கல்பட்டை அடுத்த மறைமலை நகரில் தயாரானவை.

2014 ஏப்ரல்: டொயோட்டா 44,989 இன்னோவாக்களை அழைத்தது. 2005 பிப்ரவரி முதல் 2008 டிசம்பர் வரை தயாரானவை. ஸ்டீயரிங் வீலுக்குள் இருக்கும் ஸ்பைரல் கேபிள் பழுதானால் டிரைவர் பக்க ஏர்பேக் வேலை செய்யாமல் போகலாம்.

2018 ஜூலை: ஹோண்டா 7,290 புதிய அமேஸ் கார்களை அழைத்தது. ஸ்டீயரிங் கடினமாகலாம், இ.பி.எஸ். விளக்கு எரியலாம் என்றது. 2018 ஏப்ரல் 17 முதல் மே 24 வரை தயாரானவை.

2023 ஜூலை: மாருதி சுஸுகி 87,599 எஸ்-பிரெஸ்ஸோ, ஈக்கோ வண்டிகளை அழைத்தது. ஸ்டீயரிங் டை ராடில் கோளாறு இருக்கலாம் என்று அறிவிப்பு. 2021 ஜூலை 5 முதல் 2023 பிப்ரவரி 15 வரை தயாரானவை.

2024 ஆகஸ்ட்: மாருதி சுஸுகி 2,555 ஆல்ட்டோ கே10 கார்களை அழைத்தது. ஸ்டீயரிங் கியர் பாக்ஸ் கோளாறு. பாகத்தை மாற்றும்வரை வண்டியை ஓட்டவே வேண்டாம் என்று அறிவிப்பில் சொல்லியிருந்தது.

வெளிநாட்டில்: 2024 அக்டோபரில் அமெரிக்காவில் ஹோண்டா சுமார் 17 லட்சம் கார்களை ஸ்டீயரிங் கியர் பாக்ஸுக்காக அழைத்தது. 2025 பிப்ரவரியில் டெஸ்லா 3,76,241 கார்களை பவர் ஸ்டீயரிங் கோளாறுக்காக அழைத்தது.

---

ஆல்ட்டோ அறிவிப்பை மறுபடி படியுங்கள். 'ஓட்ட வேண்டாம்.' சாதாரணமாக இப்படித் திரும்ப அழைக்கும் 'ரீகால்' அறிவிப்புகள் மென்மையான வார்த்தைகளில்தான் வரும். 'அரிதாக', 'வாய்ப்பு உள்ளது', 'வாடிக்கையாளர் நலன் கருதி' என்று. அப்படிப்பட்ட நிறுவனமே வண்டியை எடுக்காதீர்கள் என்று சொன்னால், விஷயம் எவ்வளவு அவசரம் என்று புரிந்துகொள்ளலாம். அந்தச் சேதி, காரை இன்று ஓட்டுகிறவர் காதில் விழுந்ததா என்பதுதான் கேள்வி.

இரண்டு சகோதரிகள், ஒரு வாடகைக் கார்

2004 அக்டோபர் 7. அமெரிக்காவின் கலிஃபோர்னியாவில் ரேச்சல் ஹவுக், ஜாக்குலின் ஹவுக் என்ற சகோதரிகள் பெற்றோரைப் பார்த்துவிட்டுத் திரும்பிக்கொண்டிருந்தார்கள். ஒருவருக்கு வயது 24, இன்னொருவருக்கு 20. அவர்கள் ஓட்டிச் சென்றது என்டர்பிரைஸ் என்ற பெரிய வாடகைக் கார் நிறுவனத்தில் எடுத்த கிறைஸ்லர் பி.டி. குரூஸர். நெடுஞ்சாலையில் பவர் ஸ்டீயரிங் ஹோஸிலிருந்து ஆயில் கசிந்து, பானட்டுக்குள் தீப்பிடித்தது. ஸ்டீயரிங் கட்டுப்பாடு போய், எதிரே வந்த லாரியில் மோதி இருவரும் இறந்தார்கள்.

அந்தக் காரின் பவர் ஸ்டீயரிங் ஹோஸுக்கு அதற்குச் சுமார் ஒரு மாதம் முன்பே ரீகால் அறிவிப்பு வந்திருந்தது. அறிவிப்பு வாடகை நிறுவனத்துக்குப் போய்ச் சேர்ந்தும்விட்டது. ஆனாலும் பழுது பார்க்காமலேயே காரை வாடகைக்குக் கொடுத்தார்கள். 2010-ல் அந்த நிறுவனம் தன் கவனக்குறைவை ஒப்புக்கொண்டது, ஜூரி 1.5 கோடி டாலர் இழப்பீடு வழங்கியது. பெண்களின் தாய் அதோடு நிற்கவில்லை. வருடக்கணக்கில் போராடினார். 2015-ல் அமெரிக்க நாடாளுமன்றம் அந்தச் சகோதரிகளின் பெயரிலேயே சட்டம் கொண்டுவந்தது. 2016 ஜூன் 1 முதல், 35-க்கு மேல் வண்டி வைத்திருக்கும் வாடகை நிறுவனம் எதுவும், ரீகால் நிலுவையில் இருக்கும் வண்டியைச் சரிசெய்யாமல் வாடகைக்கு விடக் கூடாது.

கடல் கடந்த கதையை இங்கே சொல்லக் காரணம் இருக்கிறது. செட்டிநாடு வாடகை வண்டியில் ஓடுகிற பகுதி. வீடு இங்கே, பிழைப்பு சென்னையிலோ கோலாலம்பூரிலோ. கல்யாணம், சாந்தி, கோயில் படைப்பு, புதுமனை என்று எதற்கு வந்தாலும் இறங்கியதும் 'டிராவல்ஸுக்குச் சொல்லியாச்சா?' என்பதுதான் முதல் கேள்வி. ஆத்தங்குடி டைல்ஸும் கானாடுகாத்தான் அரண்மனையும் பார்க்க வருகிற வெளியூர்க்காரர்களும் அப்படித்தான். ஏ.சி. வேலை செய்கிறதா, எத்தனை சீட், கிலோமீட்டருக்கு எவ்வளவு, டிரைவர் பேட்டா யார் தருவது... எல்லாம் கேட்போம். இந்த வண்டிக்கு ரீகால் ஏதாவது இருந்ததா, பார்த்தாச்சா என்று கேட்கிற வழக்கம் இன்னும் வரவில்லை.

அதிலும் ஓன் போர்டு வண்டிகள் இருக்கின்றன. வெள்ளை நம்பர் பிளேட்டோடு வாடகைக்கு ஓடுபவை. மஞ்சள் போர்டு வண்டி குறிப்பிட்ட இடைவெளியில் எஃப்.சி. எனும் தகுதிச் சான்றுக்குப் போயாக வேண்டும்: எட்டு வயது வரை இரண்டு வருடத்துக்கு ஒருமுறை, பிறகு வருடா வருடம். சொந்த உபயோகத்துக்கான கார், பதிவு செய்து 15 வருடம் வரை எந்த ஆர்.டி.ஓ. அலுவலக ஆய்வையும் பார்க்க வேண்டியதில்லை. டி.என்.63 என்று எண் தாங்கிய ஒரு வெள்ளைப் பலகைக் கார், வருடக்கணக்கில் முகூர்த்த சவாரிக்கு ஓடினாலும் அதன் அடிப்பாகத்தைப் பார்த்தவர் உள்ளூர் மெக்கானிக் ஒருவர் மட்டும்தான்.

கன்சல்டிங் கடையில் தொலையும் முகவரி

காரைக்குடியிலிருந்து எந்தச் சாலையில் வெளியேறினாலும் 'ஆட்டோ கன்சல்டிங்' பலகை கண்ணில் படும். பழைய கார் வாங்க விற்க. சென்னை, கோவை, மதுரையில் ஒரு குடும்பம் ஐந்தாறு வருடம் ஓட்டி முடித்த கார், இங்கே வந்து இரண்டாவது, மூன்றாவது கைக்குப் போகிறது. வாங்குபவர் இன்சூரன்ஸ் பார்ப்பார், டயர் பார்ப்பார், பானட்டைத் திறந்து பெயின்ட் மாறியிருக்கிறதா என்று தடவிப் பார்ப்பார். ஆர்.சி. புத்தகத்தில் பெயர் மாற்றம் ஆக வேண்டும் என்பதில் கறாராக இருப்பார்.

பெயர் மாறுவது அரசின் பதிவேட்டில். நிறுவனத்தின் சர்வீஸ் பட்டியலில் இருப்பதோ, ஷோரூமில் கார் எடுத்தவரின் போன் நம்பரும் வீட்டு விலாசமும். இரண்டாவது உரிமையாளர் தானாகப் போய் அந்த நிறுவனத்தின் சர்வீஸ் சென்டரில் விட்டால் ஒழிய அந்தப் பட்டியல் மாறுவதில்லை. ஆகவே ரீகால் குறுஞ்செய்தி கோவையில் யாரோ ஒருவர் போனுக்குப் போகும். அவர் 'நாமதான் வித்துட்டோமே' என்று அழித்துவிடுவார். கடிதம் அண்ணாநகர் அபார்ட்மென்ட் வாசலில் கிடக்கும். கார் தேவகோட்டை சாலையில் ஓடிக்கொண்டிருக்கும்.

விற்காத கார்களுக்கும் இதே கதி உண்டு. வருடத்தில் பதினோரு மாதம் பூட்டிக் கிடக்கும் பெரிய வீடுகளில், பின்கட்டு ஷெட்டில் ஒரு கார் உறை போட்டு நிற்கும். முதலாளி வரும்போது மட்டும் பேட்டரிக்கு ஜம்ப் கொடுத்து உயிரூட்டி, ஆக்டிங் டிரைவரைக் கூப்பிட்டு குன்றக்குடிக்கும் பிள்ளையார்பட்டிக்கும் எடுப்பார்கள். இந்த இடத்தில் டிரைவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். மின்சார பவர் ஸ்டீயரிங் பேட்டரியிலிருந்து அதிகம் மின்சாரம் இழுக்கும் சாதனம். நாள்பட்ட பேட்டரியில் வோல்டேஜ் குறைந்தாலே அந்த ஆச்சரியக்குறி எரியும். அதனாலேயே, உண்மையான கோளாறு வரும்போதும் 'பேட்டரிதான்' என்று ஒதுக்கிவிடும் பழக்கம் வந்துவிட்டது. புது பேட்டரி போட்ட பிறகும் விளக்கு எரிந்தால் ஒதுக்கக் கூடாது.

நிறுவனங்களால் இன்றைய உரிமையாளரைக் கண்டுபிடிக்கவே முடியாது என்று சொல்வதை என்னால் ஏற்க முடியவில்லை. நாடு முழுவதற்குமான 'வாகன்' பதிவேட்டில் சேசிஸ் எண்ணும் தற்போதைய உரிமையாளர் பெயரும் ஒரே வரியில் இருக்கின்றன. சிக்னல் மீறினால் அபராதச் செய்தி இரண்டாவது உரிமையாளர் போனுக்குத்தான் வருகிறது. அபராதத்துக்கு வழி தெரிந்த தகவல், உயிர் காக்கும் அறிவிப்புக்கு ஏன் வழி தவற வேண்டும்? ரீகால் அறிவிக்கும் நாளிலேயே அந்தச் சேசிஸ் எண்களுக்கு உரிய இன்றைய உரிமையாளர்கள் எல்லோருக்கும் அரசே ஒரு குறுஞ்செய்தி அனுப்பலாம்.

பட்டறையோடு நின்றுவிடும் புகார்

இந்தியாவில் 2012 ஜூலை முதல் வாகனத் தயாரிப்பாளர் சங்கமான சியாம், தன் உறுப்பினர்களுக்கு ஒரு நெறிமுறை வகுத்து, தாமாக முன்வந்து ரீகால் செய்யும் முறையைத் தொடங்கியது. மேலே பெட்டியில் உள்ள இந்திய ரீகால்கள் எல்லாம் அப்படி நிறுவனங்களே அறிவித்தவை. கட்டாயப்படுத்தும் அதிகாரம் அரசுக்கு வந்தது, 2019-ல் மோட்டார் வாகனச் சட்டத்தைத் திருத்தி 110ஏ பிரிவைச் சேர்த்தபோது. விதிகள் 2021 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வந்தன.

அந்த விதிகளில் இரண்டு இடங்கள் நம் ஊருக்கு நேரடியாக வலிப்பவை.

ஒன்று, எண்ணிக்கை. வருடத்துக்கு 10,000-க்கு மேல் விற்கும் கார் மாடல் என்றால், ஆயிரத்துக்கும் மேற்பட்ட உரிமையாளர்கள் புகார் பதிவு செய்தால்தான் அந்தப் புகார்களின் பேரில் கட்டாய ரீகால் நடவடிக்கை தொடங்கும். புகார் என்றால் மத்திய அரசின் பரிவாகன் இணையதளத்தில் அதற்கென உள்ள பக்கத்தில் பதிவது. காரைக்குடி கல்லுக்கட்டி பக்கத்துப் பட்டறையில் 'அண்ணே, ஸ்டீயரிங் டைட்டாகுது' என்று சொல்வது புகார் ஆகாது. மெக்கானிக் கெட்டிக்காரர். ஸ்டீயரிங் ரேக்கைக் கழற்றி, பழைய மார்க்கெட்டில் ஒரு மோட்டார் வாங்கிப் போட்டு, வண்டியை அனுப்பிவிடுவார். அந்தக் கணத்தில் ஒரு பழுது சரியாகிறது. ஒரு சாட்சியம் காணாமல் போகிறது. அதே மாடல், அதே மாதத்தில் தயாரான இன்னொரு கார், மானாமதுரையிலோ மணப்பாறையிலோ அதே மாதிரி இறுகும்போது, இரண்டையும் ஒன்றாகப் பார்க்க யாரிடமும் கணக்கு இல்லை.

அமெரிக்காவில் 2022, 2023 மாடல் ஹோண்டா சிவிக் கார்களில் ஸ்டீயரிங் ஒட்டிக்கொள்கிறது என்று 145 புகார்கள் வந்ததும் அந்நாட்டுச் சாலைப் பாதுகாப்பு அமைப்பு 2023 மார்ச்சில் விசாரணை தொடங்கியது. அங்கே தொடங்கிய விசாரணையின் முடிவுதான், பெட்டியில் பார்த்த 17 லட்சம் கார் ரீகால். 145 பேர் எழுதி வைத்ததால் 17 லட்சம் பேருக்குப் பயன். நம் சட்டமும் புகாரை மட்டும் நம்பியிருக்கவில்லை. சோதனை நிறுவனங்களின் அறிக்கையோ வேறு வழியில் கிடைக்கும் தகவலோ போதும் என்று 110ஏ இடம் கொடுக்கிறது. அந்த வழிகளைப் பயன்படுத்தும் முனைப்பு வேண்டும்.

இரண்டாவது, வயது. கட்டாய ரீகால் விதி ஏழு வயதுக்கு உட்பட்ட வண்டிகளுக்குத்தான். இன்னோவா உதாரணத்தைப் பாருங்கள். 2005-ல் தயாரான வண்டிக்கு 2014-ல் ரீகால் வந்தது, ஒன்பது வருடம் கழித்து. அது நிறுவனமே முன்வந்து செய்தது. கட்டாய விதியை மட்டும் நம்பியிருந்தால் அந்த 2005 வண்டிகள் கணக்கிலேயே வந்திருக்காது. கன்சல்டிங் கடைகளில் கைமாறும் கார்களின் வயதை யோசித்தால், இந்த ஏழு வருட வரம்பு சிறு நகரங்களையும் கிராமங்களையும் வெளியே நிறுத்துகிறது. பாகம் தேய்வதும் துருப்பிடிப்பதும் ஏழு வயதுக்குப் பிறகுதான் அதிகம் என்பது எந்த மெக்கானிக்குக்கும் தெரிந்த சங்கதி.

துரு என்றதும் காரைக்குடிக்கு ஒரு தனி உரிமை உண்டு. வள்ளல் அழகப்பர் 15 லட்சம் ரூபாயும் 300 ஏக்கரும் கொடுத்ததால் இங்கே வந்த மத்திய மின்வேதியியல் ஆய்வகம், அதாவது நம் 'சிக்ரி', பல பத்தாண்டுகளாக உலோக அரிமானத்தை ஆராய்கிறது. மண்டபத்தின் உப்புக்காற்றில் உலோகத் துண்டுகளை வைத்துச் சோதிப்பது இவர்கள் வேலைகளில் ஒன்று. 2018-ல் டெஸ்லா 1,23,000 கார்களைத் திரும்ப அழைத்ததற்குக் காரணம், பனிநாடுகளில் சாலையில் தூவும் உப்பால் பவர் ஸ்டீயரிங் போல்ட்டுகள் அரித்துப்போனதுதான். காரைக்குடி வாடகை வண்டிகள் வாரந்தோறும் ராமேசுவரம் போய் உப்புக்காற்றைக் குடித்துத் திரும்புகின்றன. ஒருபக்கம் சிக்ரி. இன்னொரு பக்கம், புதுக்கோட்டை மாவட்டம் விராலிமலையிலேயே ரானே குழுமத்தின் ஸ்டீயரிங் கியர் தொழிற்சாலை. அரிமானம் தெரிந்தவர்களும் ஸ்டீயரிங் தெரிந்தவர்களும் இவ்வளவு பக்கத்தில் இருக்கும் ஊர் தமிழ்நாட்டில் வேறு எது? கடலோர வண்டிகளின் ஸ்டீயரிங் பாகங்களை இவர்கள் சேர்ந்து ஆராய்ந்தால், அந்த அறிக்கைக்கு டெல்லியில் மதிப்பு இருக்கும்.

---

பெட்டிச் செய்தி: உங்கள் வண்டி பட்டியலில் இருக்கிறதா?

ஆர்.சி.யில் உள்ள 17 இலக்க சேசிஸ் எண்ணை எடுங்கள். மாருதி என்றால் எம்.ஏ.3 என்றும், ஹோண்டா என்றால் எம்.ஏ.கே. என்றும், டொயோட்டா என்றால் எம்.பி.ஜே. என்றும் பெரும்பாலும் தொடங்கும்.

நிறுவனத்தின் இணையதளத்தில் ரீகால் பகுதிக்குப் போய் எண்ணை அடியுங்கள். இணையம் பழக்கமில்லை என்றால், அந்த நிறுவனத்தின் எந்த அங்கீகாரம் பெற்ற சர்வீஸ் சென்டருக்கும் போன் செய்து எண்ணைச் சொன்னால் பார்த்துச் சொல்வார்கள். வண்டி எத்தனையாவது கை என்பது பொருட்டே அல்ல. ரீகால் வண்டிக்குத்தான், ஆளுக்கு அல்ல. வாரன்டி முடிந்திருந்தாலும் ரீகால் பாகத்துக்கும் கூலிக்கும் பணம் வாங்கக் கூடாது.

பழைய கார் வாங்கினால், பெயர் மாற்றம் ஆன கையோடு சர்வீஸ் சென்டரில் உங்கள் போன் நம்பரைப் பதிந்துவிடுங்கள்.

ஓடும்போது ஸ்டீயரிங் இறுகினால் பதறி ஒடிக்க வேண்டாம். இரண்டு கையாலும் பிடித்து, வேகத்தைக் குறைத்து, இடது ஓரம் ஒதுங்குங்கள். இன்ஜினை ஓட்டத்தில் அணைக்காதீர்கள். பிரேக் உதவியும் குறைந்துவிடும்.

---

சிவகங்கை வரை போக வேண்டியிருந்தால்

ரீகால் என்று தெரிந்தும் சர்வீஸ் சென்டர் அலைக்கழித்தால்? பாகம் வரவில்லை என்று மாதக்கணக்கில் இழுத்தால்? முதலில் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண். அடுத்து சிவகங்கையில் உள்ள மாவட்ட நுகர்வோர் ஆணையம். 50 லட்சம் ரூபாய் வரை விலை கொடுத்து வாங்கிய பொருளுக்கு அங்கேயே வழக்குப் போடலாம். விலை 5 லட்சத்துக்குள் என்றால் கட்டணமே இல்லை. 2019-ம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், குறைபாடான பொருளால் காயமோ உயிரிழப்போ ஏற்பட்டால் தயாரிப்பாளரைப் பொறுப்பாக்குகிறது. 110ஏ-யின் கீழ் கட்டாய ரீகால் உத்தரவு வந்தால், நிறுவனம் வண்டியின் முழு விலையைத் திருப்பித் தரவோ, இணையான வேறு வண்டி கொடுக்கவோ, பழுதைச் சரிசெய்து தரவோ வேண்டியிருக்கும். 10 லட்சம் முதல் ஒரு கோடி ரூபாய் வரை அபராதமும் உண்டு.

நீதிமன்றம் உரிமையாளர் பக்கம் நிற்குமா என்ற தயக்கம் இருப்பவர்களுக்கு ஒரு வழக்கு. விபத்தில் ஏர்பேக் விரியவில்லை என்று ஹூண்டாய் கிரெட்டா உரிமையாளர் ஒருவர் தொடுத்த வழக்கில், 2022 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் அவர் பக்கமே தீர்ப்பளித்தது. எந்த வேகத்தில், எவ்வளவு விசையில் மோதினால் ஏர்பேக் விரியும் என்று கணக்குப் போட்டுப் பார்த்து யாரும் கார் வாங்குவதில்லை என்ற வாதம் அங்கே எடுபட்டது. ஸ்டீயரிங்குக்கும் அது பொருந்தும். டார்க் சென்சார் என்றால் என்ன என்று தெரியாதது வாங்கியவரின் குற்றம் அல்ல.

வழக்குக்குப் போக ஆதாரம் வேண்டும். பட்டறையில் எரரை அழிப்பதற்கு முன், ஸ்கேனர் திரையை போனில் படம் எடுத்து வையுங்கள். அதில் தெரியும் எரர் எண்ணும் கிலோமீட்டரும் தேதியும் பில்லில் எழுதச் சொல்லுங்கள். மாற்றிய பழைய பாகத்தைக் கேட்டு வாங்கி வையுங்கள்.

மே மாதத்து மைதானம்

ஈக்கோ ரீகாலுக்குத் திரும்பி வருகிறேன், ஏனென்றால் அந்த வேனில் யார் போகிறார்கள் என்பது முக்கியம். காலை எட்டு மணிக்குக் காரைக்குடியின் செக்காலையிலும் கழனிவாசலிலும் நின்று பாருங்கள். பை தொங்க, தண்ணீர் பாட்டில் தொங்க, குழந்தைகள் ஏறுகிற வண்டிகளில் ஈக்கோக்கள் எத்தனை என்று தெரியும். மருத்துவமனைகளின் சின்ன ஆம்புலன்ஸ்களிலும் அதே வண்டி. 2021 ஜூலைக்கும் 2023 பிப்ரவரிக்கும் இடையே தயாரான ஈக்கோ ஒன்று அதில் இருந்தால், அதன் டை ராடை யாராவது பார்த்தார்களா என்பது அந்தப் பெற்றோர்களுக்குத் தெரிய வேண்டிய விஷயம்.

2012 ஜூலையில் சென்னை சேலையூர்ப் பள்ளி ஒன்றின் பேருந்துத் தரையில் இருந்த ஓட்டை வழியே விழுந்து இரண்டாம் வகுப்புச் சிறுமி இறந்தாள். அந்த மரணத்துக்குப் பிறகு அதே ஆண்டில் தமிழ்நாடு பள்ளி வாகனங்களுக்கெனத் தனி விதிகளைக் கொண்டுவந்தது. அதிலிருந்து ஒவ்வொரு வருடமும் மே மாதம், பள்ளி திறப்பதற்கு முன், மைதானத்தில் வண்டிகளை வரிசையாக நிறுத்தி வட்டாரப் போக்குவரத்து, காவல், கல்வித் துறையினர் ஆய்வு செய்கிறார்கள். அவசர வழி, படிக்கட்டு உயரம், முதலுதவிப் பெட்டி, தீயணைப்புக் கருவி, தரைப்பலகை எல்லாம் பார்க்கிறார்கள்.

அந்தப் பட்டியலில் இன்னும் ஒரு வரி சேர்க்கலாம்: 'ரீகால் நிலுவை உண்டா?' ஜப்பானில் 2018 மே முதல், டகாட்டா நிறுவனத்தின் ஏர்பேக் ரீகாலைச் சரிசெய்யாத கார்களுக்குத் தகுதிச் சான்றே கொடுப்பதில்லை. நம் மஞ்சள் போர்டு வண்டிகளின் எஃப்.சி.யிலும், பள்ளி வாகன ஆய்விலும் அதே நிபந்தனையை வைக்கப் புதிய ஆள் வேண்டாம், புதிய கருவி வேண்டாம். ஆய்வுக்கு வரும் ஒவ்வொரு வண்டியும் ஆர்.சி.யோடுதான் வருகிறது, சேசிஸ் எண் அதிலேயே இருக்கிறது. மாநில அரசு நிறுவனங்களிடம் எண் பட்டியலை வாங்கிக் கொடுத்தால், மைதானத்தில் நிற்கும் வண்டிகளோடு அதை ஒப்பிட ஒரு கம்ப்யூட்டரும் ஒரு பகல் பொழுதும் போதும். முதல் பட்டியல் சிவகங்கை மாவட்டத்திலிருந்தே தொடங்கட்டும், வருகிற மே மாதமே.